பள்ளித் தோட்டமும் மாணவர் திட்டமிடலும்: வார்தா முதல் கறம்பக்குடி வரை ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

பள்ளித் தோட்டம் பற்றிய கல்வி ஆவணங்கள் மாணவரின் உழைப்பைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. அத்தோட்டத்தைத் திட்டமிடுவதில் மாணவருக்குள்ள பங்கினைப் பற்றி அவை பேசுவது குறைவு. இக்கட்டுரை 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சிந்தனைகள், 1937ஆம் ஆண்டின் வார்தாக் கல்வித் திட்டம், 1953ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் கொண்டுவரப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், அண்மைக்காலச் சத்துணவுத் தோட்ட வழிகாட்டுதல் ஆகியவற்றை இந்நோக்கில் வாசிக்கிறது. முடிவு எடுக்கும் உரிமையின்றி மாணவருக்கு உழைப்பு மட்டும் தரப்படும்போது தோட்டம் பிறப்புவழித் தொழிலின் நீட்சியாகிவிடும் இடர் உண்டு என்பதும், திட்டமிடலில் மாணவர் பங்கேற்கும்போது குடும்பங்களின் வேளாண் அறிவு வகுப்பறையின் பொதுவுடைமையாகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்கள். புதுக்கோட்டை மாவட்டம் கறம்பக்குடி வட்டாரச் சூழலைக் கொண்டு இவை விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பள்ளித் தோட்டம், ஆதாரக் கல்வி, மாணவர் பங்கேற்பு, குலக்கல்வி, சத்துணவு, கறம்பக்குடி

1. முன்னுரை

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி ஆகிய பகுதிகளில் தென்னையும் பலாவும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. பள்ளி வளாகங்களின் நிழல் மரங்களும் தப்பவில்லை. அதன்பின் இப்பகுதியில் மீண்டும் மரம் நடுதல் பெரும்பணியாயிற்று. எதை நடுவது, எங்கே நடுவது, கோடையில் யார் நீர் ஊற்றுவது என்னும் வினாக்கள் வீடுதோறும் பேசப்பட்டன. வீட்டில் இப்பேச்சைக் கேட்டு வளர்ந்த மாணவரிடம் இதே வினாக்களைப் பள்ளி கேட்க வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

பள்ளித் தோட்டம் தமிழகக் கல்விச் சூழலுக்குப் புதியதன்று. ஆதாரப் பள்ளிகளின் காய்கறிப் பாத்திகள், சுற்றுச்சூழல் மன்றங்களின் மரக்கன்றுகள், மூலிகைத் தோட்டங்கள், சத்துணவுக் கூடத்தை ஒட்டிய முருங்கையும் கீரையும் எனப் பல வடிவங்களில் அது இருந்து வந்துள்ளது. இவ்வடிவங்கள் அனைத்திலும் மாணவரின் கை உண்டு. அவர்களுடைய கருத்துக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைத் தனியே ஆராய வேண்டியுள்ளது. இக்கட்டுரையில் ‘திட்டமிடல்’ என்னும் சொல், இடம், பயிர், பருவம், நீர், வேலைப் பங்கீடு, விளைபொருள் ஆகியவை குறித்து முடிவெடுத்தலையும் அம்முடிவின் விளைவைப் பின்னர் மதிப்பிடுதலையும் குறிக்கிறது.

2. பாத்தியும் உரிமையும்: தொடக்ககாலச் சிந்தனைகள்

ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் தொடங்கிய சிறுவர் நிறுவனத்திற்கு 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். அவருடைய அமைப்பில் தோட்டம் வெறும் உருவகமாக இருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறு பாத்தியும், அனைவருக்கும் உரிய பொதுப் பாத்திகளும் இருந்தன. தன் பாத்தியில் எதை, எவ்வாறு வளர்ப்பது என்பதைக் குழந்தையே முடிவு செய்யலாம். பொதுப் பாத்தியில் அது கூட்டாகப் பராமரிக்கக் கற்றது. தனியுரிமையையும் பொதுப்பொறுப்பையும் தோட்டத்தின் தள அமைப்பிலேயே ஃப்ரோபெல் பிரித்துக் காட்டியிருந்தார் எனலாம்.

இக்கருத்து பிற நாடுகளுக்குப் பரவியபோது அதன் நோக்கங்கள் மாறின. இலங்கையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசுப் பள்ளிகளில் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. அவற்றைக் கண்காணிக்க டிரீபர்க் என்பவர் தனி அலுவலராகப் பணியாற்றினார். புதிய விதைகளையும் பயிர்களையும் ஊர்மக்களிடையே பரப்புவதற்குப் பள்ளி ஒரு வாயிலாகப் பயன்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் முதல் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் ‘பள்ளித் தோட்டப் படை’ உருவாக்கப்பட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக இலட்சக்கணக்கான சிறுவர்கள் அதில் சேர்க்கப்பட்டனர். படை என்னும் பெயருக்கேற்பப் பதவிகளும் சின்னங்களும் இருந்தன. இவ்விரு முயற்சிகளிலும் என்ன விளைய வேண்டும் என்பதைக் குடியேற்ற அரசோ போர்க்கால அரசோ முன்னரே தீர்மானித்திருந்தது.

இதே காலகட்டத்தில் ஜான் டூயி மாறுபட்ட நிலைப்பாட்டை முன்வைத்தார். 1916இல் வெளிவந்த ‘ஜனநாயகமும் கல்வியும்’ என்னும் நூலில், தோட்டவேலையை எதிர்காலத் தோட்டக்காரரை உருவாக்கும் பயிற்சியாகவோ இனிய பொழுதுபோக்காகவோ மட்டும் காணவேண்டியதில்லை என்று அவர் வாதிட்டார். மண், ஒளி, ஈரம், உயிரினங்கள் ஆகியவற்றை ஆராயும் அறிவுக்கும், வேளாண்மையின் சமூக வரலாற்றை உணர்வதற்கும் அது வழி என்பது அவர் கருத்து. நோக்கத்தை வகுப்பதில் கற்பவரும் பங்குகொள்ள வேண்டும் என்பது அவருடைய கல்விக் கோட்பாட்டின் அடிப்படை. ஃப்ரோபெலிடம் தனிப்பாத்தியின் எல்லைக்குள் இருந்த முடிவெடுக்கும் உரிமை, டூயியிடம் கற்றல் முழுமைக்கும் உரிய கொள்கையாக விரிவடைகிறது.

3. வார்தாவும் சேவாகிராமமும்

இந்தியச் சூழலில் இவ்வினா முதன்மை பெற்றது 1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் நடைபெற்ற கல்வி மாநாட்டிற்குப் பின்னரே. காந்தியடிகளின் முன்மொழிவை விரிவான திட்டமாக்க ஜாகீர் உசேன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இலங்கைத் தமிழரும் முன்னர்ச் சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றியவருமான ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும் உறுப்பினராக இருந்தார். அடிப்படைக் கைத்தொழில்களாகக் குழு பரிந்துரைத்தவற்றுள் நூற்பு, நெசவு, தச்சு ஆகியவற்றோடு வேளாண்மையும் காய்கனித் தோட்டமும் இடம்பெற்றன. 5 மணி 30 நிமிடம் கொண்ட பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு ஒதுக்கப்பட்டது.

இத்திட்டத்தின் இடரைக் குழுவே உணர்ந்திருந்தது என்பது கவனத்திற்குரியது. பொருளாதாரப் பயன் முன்னிறுத்தப்பட்டால் கல்விசார் நோக்கங்கள் பின்தள்ளப்படலாம் என்றும், குழந்தைகளிடமிருந்து இயன்ற அளவு உழைப்பைப் பெறுவதிலேயே ஆசிரியரின் கவனம் சென்றுவிடக்கூடும் என்றும் அறிக்கை எச்சரித்தது. அதனைத் தவிர்க்கும் வழியாகக் கூட்டுச் செயல்பாடு, திட்டமிடல், துல்லியம், முன்முயற்சி, தனிப்பொறுப்பு ஆகியவற்றை அது வலியுறுத்தியது. ஆக, உழைப்பு சுரண்டலாக மாறாமல் காக்கும் கூறுகளுள் ஒன்றாகவே ‘திட்டமிடல்’ அவ்வறிக்கையில் வருகிறது. ஆதாரக் கல்வி குறித்த பிற்கால விவாதங்களில் தற்சார்பு பற்றிய வாதம் பெற்ற கவனத்தை இக்கூறு பெறவில்லை.

சேவாகிராமத்தில் ஆரியநாயகமும் ஆஷாதேவியும் வழிநடத்திய பள்ளியில் இக்கொள்கை நடைமுறை வடிவம் பெற்றது. மாணவர்கள் தம்முள் ‘அமைச்சர்களை’த் தேர்ந்தெடுத்தனர். சமையல், துப்புரவு, உடல்நலம், வேளாண்மை முதலிய துறைகளை அவர்கள் பொறுப்பேற்று நடத்தினர். வேலையை முன்கூட்டித் திட்டமிடுவதும், கணக்கு வைப்பதும், பொதுக்கூட்டத்தில் அறிக்கை தந்து வினாக்களுக்கு விடையளிப்பதும் அப்பொறுப்பின் பகுதிகள். சமையலுக்குத் தேவையான காய்கறியும் தோட்டத்தில் விளையும் காய்கறியும் ஒரே மாணவர் அவையின் ஆய்வுக்கு வந்தன. ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், தேர்தல், குறிப்பேடு, கூட்டம் என்னும் மூன்று நிலையான ஏற்பாடுகளின் மீது அங்கு மாணவர் பங்கேற்பு நின்றது.

தமிழகத்தில் ஆதாரக் கல்விக்கு நிறுவன அளவிலான தளங்கள் உருவாயின. பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம், கல்லுப்பட்டி காந்தி நிகேதனம், 1947இல் தொடங்கப்பட்ட காந்திகிராமம் ஆகியன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வித்தியாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது ஆதாரக் கல்வி அரசின் கொள்கையாகவும் வலுப்பெற்றது.

4. 1953: உழைப்பு யாருக்கு?

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. எனவே 1953இல் இராஜாஜி தலைமையிலான சென்னை அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த புதிய கல்வித் திட்டத்தின் எல்லைக்குள் இப்பகுதியும் அடங்கியது. அத்திட்டத்தின்படி ஒரு குழந்தை நாளுக்கு மூன்று மணிநேரம் மட்டுமே பள்ளியில் பயிலும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ கற்கும். தொழிலைத் தந்தையின் சாதி தீர்மானிக்கும் சமூகத்தில் இது குலக்கல்வியே என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தனர். காங்கிரசுக் கட்சிக்குள்ளும் எதிர்ப்பு இருந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பள்ளித் தோட்ட வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வைப் புறக்கணிக்க இயலாது. உழவர் வீட்டுப் பிள்ளை படிக்க வந்த இடத்திலும் மண்வெட்டியையே கையில் எடுப்பதா என்னும் பெற்றோரின் மனத்தாங்கலுக்கு இவ்வரலாற்றில் வேர் உண்டு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையே துப்புரவுப் பணிகளில் ஈடுபடுத்திய நிகழ்வுகள் அண்மைக் காலத்திலும் தமிழகத்தில் வழக்குகளாகியுள்ளன. ஆகவே ‘உழைப்பின் மாண்பு’ என்னும் தொடரை மட்டும் கூறிப் பள்ளித் தோட்டத்தை நியாயப்படுத்துதல் போதாது. யார் வெட்டுகிறார், யார் நீர் சுமக்கிறார், யார் பாத்தியின் பெயர்ப்பலகையை எழுதுகிறார் என்னும் வினாக்களுக்குப் பள்ளி விடை கூற வேண்டும்.

1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் போக்கினையும் மாணவர் திட்டமிடும் தோட்டத்தின் போக்கினையும் ஒப்பிட்டால் ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகும். முன்னது குழந்தையைப் பள்ளியிலிருந்து பெற்றோரின் தொழிலுக்கு அனுப்பியது. பின்னது பெற்றோரின் தொழிலறிவைப் பள்ளிக்குள் வரவழைத்து, எல்லாக் குழந்தைகளும் ஆராய்வதற்குரிய பொருளாக்குகிறது. உழவர் மகள் கொண்டுவரும் விதைப் பருவ அறிவைக் கடைக்காரர் மகனும், ஆட்டுக்குட்டி வளர்ப்பவர் மகன் கொண்டுவரும் வேலி பற்றிய அறிவை ஆசிரியர் மகளும் கற்கின்றனர். அறிவு அதனைக் கொண்டுவந்தவரின் பிறப்போடு பிணைக்கப்படாமல் பொதுவாகிறது. இம்மாற்றம் நிகழ மாணவர் பேசும் அவை ஒன்று தேவை. ஆசிரியர் வரைந்து வைத்த பாத்திகளில் வரிசையாக நின்று நாற்று நடும்போது அதற்கு இடமில்லை.

5. ஆணைகளில் மறைந்த திட்டமிடல்

1966இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் கல்விக் குழு ‘வேலை அனுபவம்’ என்னும் கருத்தை முன்வைத்தது. 1977இல் ஈசுவர்பாய் பட்டேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2001-02இல் தொடங்கப்பட்ட தேசிய பசுமைப் படை, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களின் வழியே மரம் வளர்ப்பை ஊக்குவித்தது. 2019இல் நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பள்ளிச் சத்துணவுத் தோட்டங்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. தோட்டத்தில் விளைவது மதிய உணவில் சேர வேண்டும் என்பதும், மாணவர் இயற்கையோடு பழக வேண்டும் என்பதும் அதன் நோக்கங்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவும் 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் சத்துணவுத் திட்டமும் தொடங்கப்பெற்ற தமிழகத்தில் தோட்டத்திற்கும் சமையற்கூடத்திற்கும் இடையிலான உறவு எளிதில் விளங்கும்.

இவ்வாணைகள் பள்ளிக்கு வந்து சேரும்போது எண்ணத்தக்கவை மட்டும் நிலைபெறுகின்றன. நடப்பட்ட கன்றுகள், அமைக்கப்பட்ட தோட்டங்கள், எடுக்கப்பட்ட நிழற்படங்கள் ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பலாம். மாணவர் எந்த முடிவை எடுத்தனர், எது பிழைத்தது, ஏன் பிழைத்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. 1937ஆம் ஆண்டு அறிக்கையில் பாதுகாப்புக் கூறாக இருந்த திட்டமிடல் நிர்வாக மொழியில் மறைவதற்கு இதுவே காரணம் எனக் கருதலாம்.

இதே காலத்தில் குழந்தை உரிமை பற்றிய சிந்தனை வேறு திசையில் வளர்ந்தது. 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைகளுக்கு வழங்குகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அதே ஆண்டில் ரோஜர் ஹார்ட் குழந்தைப் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். முதல் மூன்று படிகளான வயப்படுத்துதல், அலங்காரமாக்குதல், பெயரளவில் சேர்த்தல் ஆகியவை பங்கேற்பே ஆகா என்பது அவர் கருத்து. விழாநாளில் கன்றைப் பிடித்து நிற்கும் மாணவர் பெரும்பாலும் இரண்டாம் படியில் நிற்கிறார். நான்காம் படியில் பணி ஒப்படைக்கப்பட்டாலும் அதன் காரணம் குழந்தைக்கு நேர்மையாக விளக்கப்படுகிறது. ஆறாம் படியில் பெரியவர் தொடங்கிய பணியில் முடிவு பகிர்ந்து எடுக்கப்படுகிறது. ஊர்ப்புறப் பள்ளி ஒன்றிற்கு எட்டாம் படி உடனடி இலக்காக வேண்டியதில்லை. இரண்டிலிருந்து ஆறுக்குச் செல்வதே பெரிய மாற்றம்.

6. கறம்பக்குடி: திட்டமிடலின் உள்ளூர்ப் பொருள்

முன்னர் ஆலங்குடி வட்டத்தோடு இணைந்திருந்த கறம்பக்குடி இன்று தனி வட்டம். தஞ்சாவூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்த இப்பகுதி செம்மண்ணும் ஏரிப் பாசனமும் ஆழ்துளைக் கிணறுகளும் கொண்டது. மாவட்டம் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் ஏரிகளும் உள்ளன. இத்தகைய நிலத்தில் தோட்டம் அமைப்பதற்கான முடிவுகள் எந்தப் பொதுச்சுற்றறிக்கையிலும் அடங்கா.

முதலாவது பருவம். உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூன் 5இலும், 1950இல் தொடங்கிய வனமகோற்சவம் ஜூலை முதல் வாரத்திலும் கொண்டாடப்படுகின்றன. தென்மேற்குப் பருவமழையை முதன்மையாகப் பெறும் பகுதிகளுக்கு இந்நாள்கள் பொருந்தும். புதுக்கோட்டையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. ஜூனில் நட்ட மரக்கன்றுக்கு நான்கு மாதம் நீர் சுமக்க வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழியை அறிந்த மாணவர், காய்கறி விதைப்பை ஆடியிலும் மரக்கன்று நடவைப் புரட்டாசி, ஐப்பசியிலும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கக்கூடும். அக்கேள்வி ஆண்டின் நாட்காட்டியையே மாற்றி அமைக்கிறது. மே மாத விடுமுறை அதனினும் கடிய வினா. ஏப்ரலுக்குள் அறுவடை முடியும் பயிர்களைத் தேர்வதா, விடுமுறையில் அருகிலுள்ளோர் முறைவைத்து நீர் ஊற்றுவதா என்பதை மாணவரே விவாதித்து முடிவு செய்தல் தகும்.

இரண்டாவது நீர். சத்துணவுத் தட்டுகளும் கைகளும் கழுவிய நீர் நாள்தோறும் எத்தனை வாளி என அளந்தால், அந்நீர் எத்தனை பாத்திக்குப் போதும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்காகிறது. தோட்டத்தின் பரப்பை நீரின் அளவு தீர்மானிக்கும். இவ்வரிசையில் சிந்திக்கும் வகுப்பு வாடிய பாத்திகளை எண்ண நேராது.

மூன்றாவது பயிர். கீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். முருங்கைக்குப் பொறுமை வேண்டும். அது நிலைத்துவிட்டால் குறைந்த நீரில் ஆண்டுகள்தோறும் பயன் தரும். ஆலங்குடியை அடுத்த வம்பனில் இயங்கும் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் அவ்வூரின் பெயரிலேயே உளுந்து ரகங்களை வெளியிட்டுள்ளது. அங்குள்ள வேளாண் அறிவியல் நிலையம் மாணவர் தம் வினாக்களோடு அணுகத்தக்க இடம். மர வகைத் தேர்வும் இங்கு வெறும் அழகியல் அன்று. மாவட்டத்தில் பரந்துள்ள தைலமரக் காடுகள் நிலத்தடி நீரைக் குறைக்கின்றன என்னும் உழவரின் முறையீடும், கஜா புயலில் தென்னை சாய்ந்த இடங்களிலும் பனைகள் பெரும்பாலும் நின்ற காட்சியும் மாணவர் விவாதத்திற்கு உயிர்ப்பான சான்றுகள்.

நான்காவது இடமும் வேலையும். வளாகத்தில் விளையாட்டிடத்தைத் தோட்டம் விழுங்கக் கூடாது. எந்த மூலையில் மாலைவரை வெயில் படுகிறது, ஆடுகள் எவ்வழி நுழைகின்றன என்பதைத் தலைமையாசிரியரைவிட மாணவர் நன்கறிவர். தோராய வரைபடத்தை அவர்கள் வரையட்டும். வேலைப் பட்டியலில் வெட்டுதல், நீர் ஊற்றுதல், எரு இடுதல், கணக்கெழுதுதல் ஆகிய அனைத்தும் சாதி, பால் வேறுபாடின்றி எல்லோருக்கும் முறைவைத்து வர வேண்டும். ஆசிரியரின் பெயரும் அப்பட்டியலில் இருத்தல் நலம். எப்பணியும் தண்டனையாகத் தரப்படலாகாது. விளைந்தது சத்துணவுக்கா, வீட்டுக்கா, விதைக்கா என்பதைப் பகிர்ந்து முடிவு செய்வதோடு ஒரு பருவத்தின் திட்டம் நிறைவுறுகிறது.

இவ்வாறான பங்கேற்பு இம்மாவட்டத்திற்கு அயலானதன்று. 1991-92இல் புதுக்கோட்டையில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவை மிதிவண்டி ஓட்டுதல், கல்குவாரிப் பெண்களின் உரிமை ஆகிய வாழ்க்கைத் தேவைகளோடு இணைத்தது. கற்பவரின் தேவையிலிருந்து கல்வியைத் தொடங்கலாம் என்பதை வயதுவந்தோரிடம் மெய்ப்பித்த மாவட்டத்தில், அதே கொள்கையைச் சிறாரிடம் கடைப்பிடிப்பதற்குத் தடை இருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் வழி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் மாணவர் தம் தோட்டத் திட்டத்தைத் தாமே முன்வைத்துப் பேசுவதற்கும் வாய்ப்பு உண்டு.

7. முடிவுரை

ஃப்ரோபெலின் தனிப்பாத்தி முதல் 2019ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் வரை பள்ளித் தோட்டம் பல நோக்கங்களுக்குப் பணிபுரிந்துள்ளது. 1937ஆம் ஆண்டு அறிக்கை திட்டமிடலை உழைப்புச் சுரண்டலுக்கு எதிரான காப்பாகக் கண்டது. சேவாகிராமம் அதற்குத் தேர்தல், குறிப்பேடு, கூட்டம் என்னும் நடைமுறை வடிவத்தைத் தந்தது. 1953ஆம் ஆண்டு எதிர்ப்பு, பிறப்போடு பிணைந்த உழைப்பைத் தமிழ்ச் சமூகம் கல்வி என ஏற்காது என்பதை நிறுவியது. இம்மூன்று படிப்பினைகளையும் சேர்த்து நோக்கும்போது, மாணவர் திட்டமிடல் என்பது தோட்டக் கலையின் துணை உத்தி அன்று. பள்ளித் தோட்டம் கல்வியாக அமைவதற்கான நிபந்தனை என்பது பெறப்படுகிறது.

நடைமுறையில் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பாடவேளையும், மாணவர் கையெழுத்தில் ஒரு தோட்டக் குறிப்பேடும் போதுமான தொடக்கம். எடுத்த முடிவு, அதன் காரணம், விளைவு, பிழை ஆகிய நான்கும் அதில் பதியப்படட்டும். வகுப்பு மாறினாலும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றாலும் குறிப்பேடு பள்ளியில் தங்கும். அடுத்த ஆண்டு மாணவர் முந்தைய ஆண்டின் தவற்றிலிருந்து தொடங்குவர். கஜாவுக்குப் பின் பள்ளிகளில் நட்ட கன்றுகள் இன்று நிழல் தரும் நிலையை எட்டி வருகின்றன. அவற்றை அங்கே நடச் சொன்னவர் யார், ஏன் அந்த மரம் என்னும் வினாக்களுக்கு விடை தரும் ஏடு பள்ளியில் இருக்குமானால், கல்வி வரலாற்று ஆய்வாளருக்கும் அது முதன்மைச் சான்றாகும்.